மின்மினியும் நெருப்பு மழையும்

வரலாறு பெரும்பாலும் வளர்ந்தவர்களின் கதையாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த ஆண்டில் போர் மூண்டது, எந்தப் படைத்தலைவன் வென்றான், எந்த நாளில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று என்பனவற்றைப் பாடநூல்கள் முறையாகக் கூறுகின்றன. அப்போர் நடந்த ஊரில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று அன்று காலை உண்டதா, உண்ணவில்லையா என்பதை எந்தப் பாடநூலும் கூறுவதில்லை. படைத்தலைவர்கள் தங்கள் நினைவுக் குறிப்புகளை எழுதி வைத்துவிட்டுச் செல்கின்றனர். குழந்தைகளோ ஒரு வரிகூட எழுதாமல் மறைந்துவிடுகின்றனர். அவர்கள் எழுதாது விட்ட வரியை எழுதும் பொறுப்பு கலைஞனைச் சேர்கிறது.

அவ்வாறு எழுதப்பட்ட ஒரு வரிதான் ‘ஹொத்தாரு நோ ஹாகா’ என்னும் ஜப்பானிய அசைவூட்டப் படம். ‘மின்மினிகளின் கல்லறை’ என்று அதனைத் தமிழில் வழங்கலாம். இசாவோ தகாஹாதா இயக்கிய இப்படம் 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்தது. கார்ட்டூன் படம் என்றாலே பூனையும் எலியும் துரத்திக்கொண்டு ஓடும் வேடிக்கை என எண்ணிப் பழகியவர்களுக்கு இப்படம் ஒரு பேரதிர்ச்சி. பதினான்கு வயதுச் சிறுவன் செய்தா, நான்கு வயதுத் தங்கை செட்சுகோ ஆகிய இருவரும் 1945ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் எவ்வாறு பசியால் மடிந்தனர் என்பதே இதன் கதை. முடிவை மறைத்து வைத்து வியப்பூட்ட இயக்குநர் விரும்பவில்லை. 1945 செப்டம்பர் 21ஆம் நாள் இரவு, சன்னோமியா தொடர்வண்டி நிலையத்தில் ஒரு தூணில் சாய்ந்தபடி செய்தா உயிர்விடும் காட்சியோடுதான் படம் தொடங்குகிறது. அவர்கள் இறந்தனர் என்பது நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. ஏன் இறந்தனர் என்னும் வினாதான் படம் முடியும்வரை நம்மை விடாமல் தொடர்கிறது. அவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், படத்தை மட்டும் பார்த்தல் போதாது. அக்கால வரலாற்றையும் புரட்ட வேண்டும்.

கோபே நகரம் எரிந்த கதை

மேற்கு ஜப்பானில், மலைக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் துறைமுக நகரம் கோபே. கப்பல் கட்டும் தளங்களும் எஃகு ஆலைகளும் நிறைந்த ஊர். இந்திய வணிகர்களும் அங்குக் குடியேறி வாழ்ந்தனர். 1935இல் அந்நகரில் எழுந்த பள்ளிவாசல் அவர்களுடைய பொருளுதவியாலும் உருவானது.

1944ஆம் ஆண்டில் மரியானா தீவுகளை அமெரிக்கப் படைகள் கைப்பற்றின. அங்கிருந்து புறப்படும் பி-29 என்னும் பெருவிமானங்கள் ஜப்பானிய நகரங்களை எட்டித் திரும்ப முடிந்தது. முதலில் ஆலைகளைக் குறிவைத்து உயரப் பறந்து குண்டு வீசினர். பலத்த காற்றும் மேகமும் குறியைத் தவறச் செய்தன. 1945 ஜனவரியில் பொறுப்பேற்ற படைத்தலைவர் கர்ட்டிஸ் லெமே முறையை மாற்றினார். இரவில் தாழப் பறந்து, ஆலை என்றும் வீடு என்றும் பாராமல், நகரப் பரப்பு முழுவதையும் தீக்குண்டுகளால் எரிப்பதே புதிய முறை. ஜப்பானியர் வீடுகள் மரத்தாலும் காகிதத்தாலும் ஆனவை. ‘நேபாம்’ என்னும் பிசுபிசுத்த எரிபொருள் நிறைந்த குண்டுகள் அவற்றின்மேல் விழுந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மார்ச் 9ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் தோக்கியோவில் ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் ஒரே இரவில் மாண்டனர். அதனைத் தொடர்ந்து நகோயா, ஒசாக்கா ஆகிய நகரங்கள் எரிந்தன. மார்ச் 17ஆம் நாள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கோபேயின்மேல் வந்தன. எஞ்சிய பகுதியை ஜூன் 5ஆம் நாள் பகற்பொழுதில் ஏறத்தாழ 470 விமானங்கள் வந்து எரித்தன. போர் முடிவதற்குள் அந்நகரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் குண்டுவீச்சில் உயிரிழந்தனர்.

படத்தில் செய்தாவின் தாய் தீப்புண்பட்டு இறப்பது இந்த ஜூன் 5ஆம் நாள் தாக்குதலில்தான். அவள் நெஞ்சு நோயாளி. பிள்ளைகளுக்கு முன்பாகவே பதுங்கு குழியை நோக்கிப் புறப்படுகிறாள். தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு வெளியே வரும் செய்தா, வானத்திலிருந்து எரிந்தபடி இறங்கும் குண்டுகளை நிமிர்ந்து பார்க்கிறான். தமிழாசிரியர்கள் கருதத்தக்க சொல்நுட்பம் ஒன்று இங்குண்டு. ஜப்பானிய மொழியில் மின்மினியைக் குறிக்க ஒரு தனி எழுத்து உள்ளது. இக்கதையின் தலைப்பிலோ அவ்வெழுத்து இல்லை. ‘ஹொத்தாரு’ என்னும் அதே ஒலி வருமாறு, நெருப்பைக் குறிக்கும் எழுத்தும் தொங்குதல் அல்லது சொட்டுதலைக் குறிக்கும் எழுத்தும் சேர்த்து எழுதப்பட்டுள்ளன. செவிக்கு மின்மினி, கண்ணுக்குச் சொட்டும் நெருப்பு. குழந்தைகள் கையில் ஏந்தி மகிழ்ந்த மின்மினியும் அவர்கள் வீட்டை எரித்த நெருப்பு மழையும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

கதை பிறந்த இடம்

இப்படம் கற்பனை மட்டுமன்று. அகியுகி நோசாகா என்னும் எழுத்தாளர் 1967ஆம் ஆண்டில் எழுதிய சிறுகதையே இதற்கு மூலம். ‘அமெரிக்க ஹிஜிக்கி’ என்னும் மற்றொரு கதையுடன் சேர்த்து இதற்கு ஜப்பானின் புகழ்பெற்ற நவோக்கி பரிசு வழங்கப்பட்டது. 1930இல் பிறந்த நோசாகா, கோபேயில் ஒரு குடும்பத்தின் வளர்ப்பு மகனாக வாழ்ந்தார். ஜூன் 5ஆம் நாள் தாக்குதலில் அவருடைய வளர்ப்புத் தந்தை மறைந்தார். ஏறத்தாழ ஒன்றரை வயதே ஆன தங்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார், பதினான்கு வயது நோசாகா. அக்குழந்தை ஃபுகூயி என்னுமிடத்தில், போர் முடிந்த ஆகஸ்ட் மாதத்திலேயே, உணவின்றி இறந்தது.

கதையில் வரும் செய்தா தங்கைக்காகத் தன் உணவையும் விட்டுக்கொடுக்கும் அன்புள்ளம் படைத்தவன். தாம் அவ்வளவு நல்ல அண்ணனாக இருக்கவில்லை என்பதை நோசாகா பிற்காலத்தில் மறைக்காமல் எழுதினார். கைக்குக் கிடைத்த உணவைத் தாமே உண்டதும், அழும் குழந்தையைக் கடிந்ததும் அவர் நெஞ்சை விட்டு அகலவேயில்லை. ஆகவே செய்தா, நோசாகா தாம் இருந்திருக்க வேண்டும் என்று விரும்பிய அண்ணன். உயிரோடிருந்தபோது கொடுக்க இயலாத சோற்றைத் தங்கைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுத்தில் ஊட்டினார் எனலாம். பசி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நல்லவனும் பசியில் தன் வயிற்றையே முதலில் நினைக்கிறான். 2015இல் தாம் இறக்கும்வரை நோசாகா அப்பாரத்தைச் சுமந்தார்.

படத்தை இயக்கிய தகாஹாதாவும் அந்த நெருப்பை நேரில் கண்டவரே. 1935இல் பிறந்த அவர், 1945 ஜூன் 29ஆம் நாள் ஒகாயாமா நகரம் எரிந்தபோது ஒன்பது வயதுச் சிறுவர். பெற்றோரைப் பிரிந்து, தமக்கையுடன் எரியும் தெருக்களில் ஓடி உயிர் தப்பினார். படத்தில் தீ பரவும் முறையும், மக்கள் ஓடும் முறையும் அத்துணை மெய்ம்மையோடு விளங்குவதற்கு இந்த அனுபவமே காரணம்.

கிழிந்த வலைகள்

இனி, செய்தாவும் செட்சுகோவும் ஏன் இறந்தனர் என்னும் வினாவுக்கு வருவோம். ஒரு நாட்டில் குழந்தைகளைக் காக்கப் பல வலைகள் விரிக்கப்பட்டிருக்கும். ஒரு வலையில் தவறினாலும் அடுத்த வலை தாங்கிக்கொள்ளும். போர்க்காலத்து ஜப்பானிலும் அத்தகைய வலைகள் இருந்தன. இவ்விருவரும் அவை ஒவ்வொன்றிலும் எவ்வாறு நழுவினர் என்பதைக் காண்போம்.

முதல் வலை, பள்ளிக் குழந்தைகளை நகரிலிருந்து அகற்றும் திட்டம். 1944 ஜூன் மாதத்தில் ஜப்பானிய அரசு இம்முடிவை எடுத்தது. தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை பயின்ற மாணவர்கள், ஆசிரியர்களின் துணையோடு நாட்டுப்புறக் கோயில்களுக்கும் விடுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வாறு சென்றோரும் அனைவரும் தப்பினர் அல்லர். ஒக்கினாவாவிலிருந்து குழந்தைகளை ஏற்றிச் சென்ற ‘சுஷிமா மாரு’ என்னும் கப்பல் 1944 ஆகஸ்ட் 22ஆம் நாள் நீர்மூழ்கியால் தாக்குண்டு மூழ்கியது. ஏறத்தாழ 780 பள்ளிக் குழந்தைகள் கடலுக்கு இரையாயினர். எனினும் பல இலட்சம் குழந்தைகள் இத்திட்டத்தால் குண்டுவீச்சிலிருந்து விலகி நின்றனர் என்பது உண்மை. ஆனால் செட்சுகோவுக்கு வயது நான்கு, செய்தாவுக்குப் பதினான்கு. ஒருத்தி இத்திட்டத்திற்கு மிகச் சிறியவள். மற்றவன் மிகப் பெரியவன்.

இரண்டாம் வலை, பள்ளியும் பணியிடமும். 1945 மார்ச் மாதத்தில், தொடக்கப்பள்ளி நீங்கலாக ஏனைய கல்வி நிலையங்களின் வகுப்புகளை ஓராண்டுக்கு நிறுத்திவைக்க அரசு முடிவு செய்தது. மாணவர்கள் ஆலைகளில் போர்க்கருவி செய்தனர். செய்தா பணிபுரிந்த எஃகு ஆலையும் எரிந்தது. அவன் பள்ளியும் எரிந்தது. அவனைத் தேடி வர ஓர் ஆசிரியரும் இல்லை. பெயர் சொல்லி அழைக்க ஒரு வருகைப் பதிவேடும் இல்லை. வகுப்பறை மூடப்படுவதால் நிற்பது பாடம் மட்டுமன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் உணர்கிறோம். ஒரு பிள்ளை இன்று வரவில்லையே என்று கவலைப்படும் ஓர் உள்ளமும் அதனோடு மறைந்துவிடுகிறது.

மூன்றாம் வலை, உணவுப் பங்கீடு. 1941இல் பெருநகரங்களில் அரிசிப் பங்கீடு தொடங்கியபோது, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிராம் அரிசி என வரையறுக்கப்பட்டது. 1945 ஜூலையில் அந்த அளவு ஏறத்தாழ 300 கிராமாகக் குறைந்தது. அதிலும் அரிசிக்கு மாற்றாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோயாவும் பிற தானியங்களும் கலந்தன. 1945 மார்ச் இறுதியிலிருந்து அமெரிக்க விமானங்கள் ஜப்பானியக் கடல்வழிகளில் கண்ணிவெடிகளை விதைத்தன. ‘பட்டினி’ என்றே அந்நடவடிக்கைக்குப் பெயரிட்டனர். கப்பல் வராத தீவில் உணவு ஏது?

அந்தச் சிறு அளவு உணவும் ‘தொனாரிகுமி’ என்னும் அண்டை வீட்டார் சங்கங்கள் வழியாகவே மக்களுக்குக் கிடைத்தது. சில குடும்பங்கள் சேர்ந்த இச்சங்கமே பங்கீட்டைப் பிரித்தது. தீயணைப்புப் பயிற்சி நடத்தியது. அரசின் அறிவிப்புகளை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தாயை இழந்த பிள்ளைகள் முதலில் நிஷினோமியாவில் உறவினரான ஒரு பெண்மணியின் வீட்டில் தங்குகின்றனர். அப்பெண்மணி முதலில் அன்பு காட்டுகிறாள். உணவு குறையக் குறைய அவள் சொல்லில் கடுமை ஏறுகிறது. நாட்டுக்காக உழைப்போருக்குச் சோறு, சும்மா இருப்போருக்குக் கஞ்சி என்பது அவள் நீதி. தாயின் பட்டாடைகள் அரிசியாக மாறுகின்றன. அந்த அரிசியிலும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சிறு பங்கே. மானமுள்ள செய்தா தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறி, குளக்கரையில் கைவிடப்பட்ட பதுங்கு குழி ஒன்றில் குடியேறுகிறான். சுடுசொல்லிலிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் அண்டை வீட்டார் சங்கத்தை விட்டு விலகிய அந்நாளே அவர்கள் நாட்டின் உணவுக் கணக்கிலிருந்தும் விலகிவிட்டனர். இதனை உணர்ந்த உழவர் ஒருவர், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவ்வீட்டிற்கே திரும்பிவிடுமாறு அவனுக்கு அறிவுரை கூறுகிறார். செய்தா கேட்கவில்லை.

நான்காம் வலை, தந்தை. செய்தாவின் தந்தை கடற்படை அதிகாரி. ‘மாயா’ என்னும் போர்க்கப்பலில் அவர் சென்ற பெருமிதம் சிறுவனின் நினைவில் நிறைந்திருக்கிறது. கோபே நகருக்குப் பின்னால் நிற்கும் மாயா மலையின் பெயர் அக்கப்பலுக்கு இடப்பட்டிருந்தது. மலைக்கு அப்பெயர் புத்தர் பெருமானின் அன்னை மாயாதேவியால் வந்தது. அன்னையின் பெயர் தாங்கிய அக்கப்பல் 1944 அக்டோபர் 23ஆம் நாளே பிலிப்பைன்சுக்கு அருகே மூழ்கிவிட்டது. அப்பா வந்து பழிவாங்குவார் என்று 1945 கோடையிலும் அச்சிறுவன் நம்பிக்கொண்டிருந்தான். தோல்வியை மக்களுக்குச் சொல்லாத அரசு, அச்செய்தியைப் பிள்ளைகளுக்கு மட்டும் எவ்வாறு சொல்லும்? வங்கியில் தாயின் பணத்தை எடுக்கச் சென்ற இடத்தில்தான், போர் முடிந்ததையும் கடற்படை அழிந்ததையும் அவன் பிறர் பேச்சிலிருந்து அறிகிறான்.

செட்சுகோ ஆகஸ்ட் 22ஆம் நாள் இறக்கிறாள். சப்பாத்தியோ சோறோ கேட்டு அழும் வயதில், களிமண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என்று அண்ணனுக்கு நீட்டியவள் அவள். அவளை எரித்த சாம்பலின் ஒரு பகுதி, அவள் ஆசையோடு வைத்திருந்த பழமிட்டாய்த் தகர டப்பாவிலேயே சேர்கிறது. ஒரு மாதம் கழித்துச் செய்தாவும் இறக்கிறான். நோசாகா தம் கதையில் அந்நாளைக் கருதியே தேர்ந்திருக்கிறார். போரில் பெற்றோரை இழந்த குழந்தைகளைக் காப்பதற்கான கொள்கையை ஜப்பானிய அரசு 1945 செப்டம்பர் 20ஆம் நாள் முடிவு செய்தது. செய்தா இறந்தது செப்டம்பர் 21 இரவு. ஐந்தாம் வலை ஒன்று விரிக்கப்பட்டது. அது காகிதத்தில் விரிக்கப்பட்ட மறுநாளே அவன் நிலையத் தரையில் கிடந்தான்.

நம் இலக்கியத்தில் பாரியை இழந்த மகளிர்க்குக் கபிலர் இருந்தார். இவர்களுக்குக் கபிலர் எவரும் இல்லை. இவர்கள் இருவரும் கதைமாந்தர்தாமே என்று எவரேனும் ஆறுதல் கொள்வராயின், அவர்க்கு ஓர் எண்ணைச் சுட்டுவோம். 1948 பிப்ரவரியில் ஜப்பானிய நலத்துறை அமைச்சு எடுத்த கணக்கின்படி, பெற்றோரை இழந்து நின்ற குழந்தைகள் 1,23,511 பேர். ஒக்கினாவா அதில் சேரவில்லை. தொடர்வண்டி நிலையங்களில் படுத்துறங்கிய சிறுவர்களை ‘அலைந்து திரிவோர்’ எனப் பெயரிட்டு, விலங்குகளை வளைத்துப் பிடிப்பது போலப் பிடித்து இல்லங்களில் அடைத்தனர். கணக்கெடுப்பு நாளுக்குள் இறந்துபோனவர்கள் எந்தக் கணக்கிலும் இடம் பெறவில்லை.

மற்றோர் ஏப்ரல், மற்றொரு படம்

இப்படத்தின் பெருமையை முழுதும் உணர வேண்டுமாயின், இதற்கு 43 ஆண்டுகளுக்கு முன், இதே ஏப்ரல் மாதத்தில் வெளிவந்த இன்னொரு படத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். 1945 ஏப்ரல் 12ஆம் நாள் ஜப்பானின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் வெளிவந்தது. கடற்படையின் ஆதரவில் மிட்சுயோ செயோ இயக்கிய அப்படத்தின் பெயர், ‘மொமொதாரோ: கடலின் தெய்வ வீரர்கள்’ எனப் பொருள்படும். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமொதாரோ என்னும் சிறுவன், நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றின் துணையோடு அரக்கர் தீவை வென்றான் என்பது ஜப்பானியப் பாட்டிக்கதை. அப்பாட்டிக்கதைக்குப் படைச் சீருடை அணிவித்தனர். அழகிய விலங்குகள் போர்வீரர்களாகி, வான்குடையில் இறங்கி, கொம்பு முளைத்த வெள்ளைக்கார அரக்கர்களைப் பணியவைக்கின்றன.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் இப்படத்தில் இரு காட்சிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒன்று, வெள்ளை அதிகாரிகள் சரணடையும் காட்சி. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில், ஜெனரல் யமாஷித்தாவின் முன் பெர்சிவல் அமர்ந்து சரணடைந்த நிகழ்ச்சியே அதற்கு முன்மாதிரி. மற்றொன்று, தென்கடல் தீவின் விலங்குகளுக்குப் பாட்டின் வாயிலாக ஜப்பானிய எழுத்துகளைக் கற்பிக்கும் காட்சி. மழலை போலப் பேசத் தெரியாமல் கத்தும் அவ்விலங்குகள், பாட்டைக் கற்றதும் ஒழுங்குக்கு வருகின்றன. ஜப்பானியர் ஆட்சியில் நம் ஊர்ப் பிள்ளைகளும் அத்தகைய பாடல்களைப் பாடித்தான் அம்மொழியைக் கற்றனர். அப்படத்தின் கண்ணுக்கு அவர்கள் எவ்வாறு தோன்றினர் என்பதை நாம் கூறத் தேவையில்லை.

அப்படம் யாருக்காக எடுக்கப்பட்டதோ அந்தக் குழந்தைகள், அது வெளிவந்தபோது திரையரங்குகளில் இல்லை. பலர் நாட்டுப்புறங்களுக்கு அகற்றப்பட்டிருந்தனர். நகரங்கள் எரிந்து கிடந்தன. ஒரு மாதத்துக்கு முன்பே எரிந்திருந்த ஒசாக்காவில், எஞ்சியிருந்த அரங்கில் அப்படத்தைப் பார்த்தவர்களுள் பதினாறு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பின்னாளில் ஜப்பானியச் சித்திரக்கதை உலகின் தந்தையெனப் போற்றப்பட்ட ஒசாமு தெசூக்காவே அவர். ஓவியம் உயிர்பெற்று அசைந்த அழகில் மனம் நெகிழ்ந்து, தாமும் ஒருநாள் இத்தகைய படம் எடுக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். கலை எத்துணை வல்லமை வாய்ந்தது என்பதும், எத்துணை எளிதில் விலைபோகும் என்பதும் இவ்வொரு நிகழ்ச்சியால் புலப்படும்.

போர் அழகானது என்று குழந்தைகளுக்குச் சொல்ல 1945 ஏப்ரலில் ஒரு படம். அதே 1945இல் அக்குழந்தைகளுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல 1988 ஏப்ரலில் மற்றொரு படம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை ஜப்பானிய ஓவியர்கள் சிறுகச் சிறுகவே கடந்தனர். ஹிரோஷிமா அணுகுண்டில் தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் இழந்த கெய்ஜி நகஸாவா, 1973 முதல் ‘வெறுங்கால் கென்’ என்னும் சித்திரக்கதையை எழுதினார். அது 1983இல் அசைவூட்டப் படமாயிற்று. அவ்வழியில் வந்ததே மின்மினிகளின் கல்லறை.

கோட்டோவியத்தின் வலிமை

நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் இக்கதை இன்னும் உருக்கமாக இருந்திருக்குமே என்று சிலர் எண்ணலாம். பசியால் மெலியும் நான்கு வயதுக் குழந்தையை எந்த நடிகையைக் கொண்டு காட்டுவது? ஓவியத்தால்தான் அது இயலும். நாளுக்கு நாள் செட்சுகோவின் கன்னம் ஒடுங்குவதையும், தோலில் சொறி படர்வதையும், கண்ணில் ஒளி மங்குவதையும் ஓவியர் யோஷிஃபுமி கொண்டோவும் அவர்தம் குழுவினரும் வரைந்து காட்டினர். உருவங்களின் எல்லைக் கோட்டுக்கு வழக்கமான கறுப்பை விடுத்துப் பழுப்பு நிறத்தைக் கையாண்டனர். அதனால் மாந்தர் பின்னணியிலிருந்து துருத்திக்கொண்டு நில்லாமல், அக்காலத்து மங்கிய ஒளியோடு இயைந்து நிற்கின்றனர். செட்சுகோவுக்குக் குரல் கொடுத்ததும் ஒரு சிறு குழந்தையே. வரைந்த வாயசைவுக்கு ஏற்பப் பேசுதல் அக்குழந்தைக்கு அரிது என்பதால், முதலில் குரலைப் பதிவுசெய்து, அதற்கேற்பப் பின்னர் வரைந்தனர்.

குண்டு வீசிய நாட்டிலேயே இப்படம் கண்ணீரை வரவழைத்தது. புகழ்பெற்ற அமெரிக்கத் திரைத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட், போரைப் பற்றி எடுக்கப்பட்ட தலைசிறந்த படங்களின் வரிசையில் இதனை வைத்தார். பகைவன் பிள்ளை என்று எழுதப்பட்ட முகத்தைக் கலைஞன் மறுபடியும் பிள்ளையின் முகமாக்கிக் காட்டினான்.

இரக்கமும் நீதியும்

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. அதனைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய நாடு எது? மலாயாவின் தோட்டங்களிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு சென்றது எவர் ஆட்சி? அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, பல்லாயிரவர் காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் பலியாகி அக்காட்டிலேயே புதைந்தனர். தந்தையை எதிர்பார்த்து லயன் வீட்டு வாசலில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றபடி காத்திருந்த பிள்ளைகள் நம்மிடையிலும் இருந்தனர். அவ்வாறிருக்க, ஜப்பானியச் சிறுமிக்காக நாம் ஏன் அழ வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இல்லையென்று கூற முடியாது.

இப்படம் ஜப்பானியரின் துயரத்தை மட்டுமே காட்டுகிறது, அவர்கள் பிறர்க்கு இழைத்த துயரத்தைக் காட்டவில்லை என்னும் குறை உண்மையே. ஆயினும் இயக்குநர் தம் மக்களை மாசற்றவராகக் காட்டினார் என்பது பொருந்தாது. சோற்றை மறுத்த உறவினரும், காய்கறி திருடிய சிறுவனை உதைத்த உழவனும், நிலையத்தில் இறந்துகொண்டிருப்பவனைத் தாண்டிச் சென்ற பயணிகளும் ஜப்பானியரே. கடற்படை அணிவகுப்பைக் கண்டு பூரிக்கும் செய்தாவின் உள்ளத்தில், மொமொதாரோ படம் ஊட்ட விரும்பிய அதே நஞ்சு இருப்பதையும் இயக்குநர் மறைக்கவில்லை. இது வெறும் போர் எதிர்ப்புப் படம் அன்று என்று தகாஹாதா வற்புறுத்தி வந்தார். சமூகத்தை உதறிவிட்டுத் தங்கையோடு தனியுலகம் அமைக்க முயன்ற சிறுவனின் தோல்வியாகவும் அவர் அதனைக் கண்டார். துன்பக் காட்சிகளைக் காட்டிக் கண்ணீர் வரவழைத்துவிட்டால் மட்டும் அடுத்த போர் நின்றுவிடாது என்பதும் அவர் கருத்து. போரைத் துறக்கும் ஜப்பானிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் விதியை மாற்றுவதை, 2018இல் மறையும்வரை அவர் எதிர்த்துப் பேசினார்.

அழுகைக்கும் நீதிக்கும் பகை இல்லை. செட்சுகோவுக்காக அழுபவன் தன் ஊர்ப் பிள்ளையை மறந்துவிட்டான் என்பது பொருளன்று. பசித்த ஒரு குழந்தையை எவ்வாறு பார்க்க வேண்டும் என்று அவள் கற்பிக்கிறாள்; அக்கண்ணோடு நம் தோட்டப்புறங்களையும் திரும்பிப் பார்ப்பதே நாம் செய்ய வேண்டுவது. சயாமுக்குச் சென்றவர்களின் துயரத்தை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் பதிவு செய்துள்ளன. ஆனால் செல்லாமல் வீட்டில் எஞ்சிய பிள்ளைகளின் கதை இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியுள்ளது. 1943இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அவர்கள் நினைவு நம் வீட்டு முன்றிலில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறது; நெடுநாள் அமர்ந்திராது.

ஆசிரியப் பெருமக்கள் இப்படத்தைச் சிறுவர்க்குக் காட்டுமுன் அவர்தம் வயதையும் மனத்திண்மையையும் எண்ணிப் பார்ப்பது நன்று. காட்டியபின் அவர்களை அழவிட்டு அனுப்பிவிடுதல் முறையாகாது. அப்பிள்ளைகளைத் தாங்கியிருக்க வேண்டிய வலைகள் எவை, ஒவ்வொன்றும் எங்குக் கிழிந்தது, கிழித்தவர் யாவர், தைத்திருக்கக் கூடியவர் யாவர் என்று வினவச் செய்தல் வேண்டும். உறவினர் வீட்டுப் பெண்மணியின் நிலையில் தாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லலாம். வீட்டிலுள்ள முதியோரிடம் ‘ஜப்பான்காரன் காலத்தில்’ என்ன உண்டீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல் மாறாமல் எழுதி வரச் செய்யலாம். வரலாறு பாடநூலிலிருந்து இறங்கி வந்து பிள்ளையின் பக்கத்தில் அமர அதுவே வழி.

படத்தின் இறுதிக் காட்சியில், இறந்துபோன அண்ணனும் தங்கையும் ஒரு மேட்டில் அமர்ந்து, விளக்கொளியில் மின்னும் இன்றைய கோபே நகரத்தைப் பார்க்கின்றனர். அந்நகரத்தார் அவர்களைப் பார்ப்பதில்லை. போர் முடிந்த நாள் என ஒவ்வொரு நாடும் ஒரு நாளைக் குறித்துக் கொண்டாடுகிறது. செட்சுகோ இறந்தது போர் முடிந்து ஏழு நாள்கள் கழித்து. குழந்தைகளைப் பொறுத்தவரை, துப்பாக்கி ஓய்ந்த நாளில் போர் முடிவதில்லை. அவர்கள் கையில் சோறு வந்து சேரும் நாளில்தான் முடிகிறது. உலகில் இன்றும் போர் நடக்கும் ஊர்களை அளக்க இந்த அளவுகோலைவிட நேரானது வேறு இல்லை.